மருந்துக்கடைக்காரர் மறுபடியும் வகுப்புக்குப் போகிறார்: விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது?

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் நீங்கள் வழக்கமாகப் போகும் உர, பூச்சிமருந்துக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உள்ள சுவரைப் பாருங்கள். லைசென்ஸுக்குப் பக்கத்தில் பட்டயச் சான்றிதழ் ஒன்றும் மாட்டியிருந்தால், அந்தக் கடைக்காரர் ஒரு வருடம் வாராவாரம் வகுப்பில் உட்கார்ந்து, நோட்டில் எழுதி, பரீட்சையும் கொடுத்தவராக இருக்கலாம். இருபது வருடம் அதே தொழிலைச் செய்த பிறகு, தன் பிள்ளை வயதில் உள்ளவர் பாடம் நடத்த, இவர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருப்பார்.

இந்தப் படிப்புக்கு 'இடுபொருள் விற்பனையாளர்களுக்கான வேளாண் விரிவாக்கப் பட்டயப் படிப்பு' என்று பெயர். சுருக்கமாக டேசி என்பார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் (மேனேஜ்) 2003-ல் இதைத் தொடங்கியது. மொத்தம் 48 வாரம். கடை விடுமுறை நாளில் வாரம் ஒரு வகுப்பு என்று 40 வகுப்புகள், 8 களப்பயணங்கள். ஒரு பிரிவில் 40 பேர். பத்தாம் வகுப்பு முடித்திருந்தால் போதும். கட்டணம் 20,000 ரூபாயாக இருந்தது. 2015-16 முதல் இது மத்திய அரசுத் திட்டமாகி, பாதிக் கட்டணத்தை அரசே ஏற்றது. தமிழ்நாட்டில் வேளாண் அறிவியல் நிலையங்கள், வேளாண் கல்லூரிகள் போன்ற இடங்களில் வகுப்பு நடக்கிறது.

கடைக்காரர் படித்தால் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். உங்கள் பயிருக்கு வைத்தியம் சொல்வது பெரும்பாலும் அவர்தான்.

யாரிடம் யோசனை கேட்கிறோம்?

2003-ல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுவதும் விவசாயக் குடும்பங்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நவீன தொழில்நுட்பத் தகவல் ஏதாவது ஒரு வழியில் கிடைத்தது என்று சொன்னவர்கள் 40 சதவீதம் பேர்தான். முன்னோடி விவசாயிகளிடமிருந்து கிடைத்தது என்றவர்கள் 16.7 சதவீதம். உர, விதை, மருந்துக் கடைக்காரரிடமிருந்து என்றவர்கள் 13.1 சதவீதம். வானொலிக்கு 13 சதவீதம். அரசு விரிவாக்கப் பணியாளருக்கு வெறும் 5.7 சதவீதம். என் போன்ற விரிவாக்கத் துறையினருக்கு இது சங்கடமான கணக்கு. ஆனால் நடப்பு அதுதான். வேளாண் உதவி அலுவலர் ஒருவருக்குப் பல கிராமங்கள். கடை காலை எட்டு மணிக்கே திறந்திருக்கிறது. கடனும் கொடுக்கிறது.

நாடு முழுவதும் இப்படிச் சுமார் 2.8 லட்சம் இடுபொருள் விற்பனையாளர்கள் இருப்பதாக மேனேஜ் நிறுவனம் சொல்கிறது. முன்பெல்லாம் கடை வைக்க இடம், முதலீடு, கம்பெனிக் கடிதம் இருந்தால் லைசென்ஸ் கிடைத்துவிடும். படிப்பு கேட்டதில்லை. நமக்கு ஊசி போடுபவர் படித்தவரா என்று பார்க்கிறோம். பயிருக்கு விஷம் எழுதிக்கொடுப்பவர் விஷயத்தில் மட்டும் வெகுகாலம் யாரும் கேட்கவில்லை. 2015-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையும் பூச்சிக்கொல்லி விதிகளும் திருத்தப்பட்ட பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. புதிதாக லைசென்ஸ் கேட்பவருக்கு வேளாண்மை, வேதியியல் போன்ற பட்டமோ, வேளாண் பட்டயமோ, டேசி போன்ற ஒரு வருடப் படிப்போ வேண்டும் என்று ஆனது. பழைய கடைக்காரர்களுக்குக் கால அவகாசம் கொடுத்தார்கள், பிறகு நீட்டித்தார்கள். கடைசியில் குறுக்குவழி ஒன்றும் வந்தது. உரத்துக்கு 15 நாள் சான்றிதழ் வகுப்பு, பூச்சிமருந்துக்கு 12 வாரச் சான்றிதழ் வகுப்பு.

என் கருத்தைச் சொல்கிறேன். 15 நாள் வகுப்பு லைசென்ஸைக் காப்பாற்றும். ஒரு இலையைக் கையில் வாங்கிப் பார்த்து நோயைச் சொல்லும் அளவுக்கு அது ஆளைத் தயார் செய்யாது. சொர்ணவாரி, சம்பா, நவரை மூன்று பட்டத்தையும் பாடத்தோடு சேர்த்து வயலில் பார்க்கக் குறைந்தது ஒரு வருடம் வேண்டும். ஆகவே சுவரில் இருக்கும் சான்றிதழ் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டால் தப்பில்லை. ஒரு வருடம் படித்தவர் பெருமையாகவே சொல்வார்.

இருபது வருட அனுபவத்துக்கு வகுப்பு என்ன கற்றுக்கொடுக்கும்?

அனுபவம் என்பது இந்தத் தொழிலில் பெரும்பாலும் 'இது போட்டார்கள், கேட்டது' என்ற நினைவுதான். ஏன் கேட்டது, வேறு வயலில் ஏன் கேட்கவில்லை என்பது அதில் இருக்காது. மூன்று உதாரணம் சொல்கிறேன். மூன்றும் உங்கள் வயலுக்கும் உதவும்.

முதலாவது, மஞ்சள் இலை. வேர்க்கடலை மஞ்சளாகிறது என்று நீங்கள் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குப் போகிறீர்கள். பழகிய கடைக்காரர் பார்த்தவுடன் ஒரு டானிக் பாட்டிலும் கொஞ்சம் யூரியாவும் எடுத்து வைப்பார். படித்துவிட்டு வந்தவர் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மஞ்சள் முதலில் எங்கே தெரிந்தது, அடி இலையிலா, கொழுந்திலா? தழைச்சத்து செடிக்குள் இடம் மாறும் சத்து. பற்றாக்குறை வந்தால் செடி அடி இலையிலிருந்து அதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். அதனால் அடி இலை முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து அப்படி நகராது. அது குறைந்தால் கொழுந்து இலைதான் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சுண்ணாம்பு அதிகம் உள்ள நிலத்தில் வேர்க்கடலைக்கு இது அடிக்கடி வரும். அந்த வயலில் யூரியா போட்டால் காசுதான் போகும். ஒரு சத அன்னபேதி உப்புக் கரைசலை, அதாவது பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் வீதம், இலைவழியாகத் தெளிக்க வேண்டும். ஒரே கேள்விதான். அதற்கு விடை தெரிந்தால் ஒரு தெளிப்புச் செலவு மிச்சம்.

நெல்லிலும் இதே கதை உண்டு. நட்ட மூன்றாவது வாரம் இலையில் துரு நிறப் புள்ளி வந்தால் பலர் நோய் என்று நினைத்துப் பூஞ்சாணக்கொல்லி வாங்குகிறார்கள். பெரும்பாலும் அது துத்தநாகக் குறை. அடியுரத்தோடு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவியிருந்தால் வராது. வந்த பிறகு என்றால் பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட்டும் 100 கிராம் யூரியாவும் கலந்து தெளிக்கலாம். இதில் இன்னொன்று. ஒரே நாளில் டி.ஏ.பி.யும் துத்தநாக சல்பேட்டும் வாங்கி, ஒரே அன்னக்கூடையில் கலந்து தூவுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. மணிச்சத்தும் துத்தநாகமும் சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். இரண்டுக்கும் பணம் கொடுத்துவிட்டு முழுப் பயன் இல்லாமல் போகிறது. இரண்டையும் ஒன்றாக எடுத்துக் கொடுக்கும்போது 'தனித்தனியாப் போடுங்க' என்று ஒரு வார்த்தை கடைக்காரர் சொன்னால் போதும். கடையில் அந்த ஒரு வார்த்தை வர வேண்டும் என்பதற்குத்தான் 48 வாரம்.

இரண்டாவது, 'மருந்தை மாத்திக் குடுங்க' என்ற கோரிக்கை. வெண்டையில் வெள்ளை ஈயும் அசுவினியும் அடங்கவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். போன முறை இமிடாகுளோபிரிட் கொடுத்தவர் இந்த முறை தயாமீதாக்சாம் கொடுக்கிறார். அதற்கும் கேட்கவில்லை என்றால் அசிட்டமிப்ரிட். பெயர் மூன்று, கம்பெனி மூன்று, விலையும் மூன்று. ஆனால் மூன்றும் ஒரே குடும்பம். பூச்சியின் நரம்பில் மூன்றும் போய் உட்காரும் இடம் ஒன்றே. உலக அளவில் பூச்சிக்கொல்லிகளை வேலை செய்யும் விதத்தை வைத்து எண் கொடுத்துப் பிரித்திருக்கிறார்கள். இவை மூன்றும் '4 ஏ' என்ற ஒரே பிரிவு. முதல் மருந்தில் தப்பித்த பூச்சிக்கு இரண்டாவதும் மூன்றாவதும் பழகிய விஷம்தான். மருந்தை மாற்றுவது என்றால் பிரிவை மாற்ற வேண்டும். பிராண்டை மாற்றுவதல்ல.

இருபது வருடம் விற்றவருக்கு இது தெரியாதா என்றால், பலருக்குத் தெரியாது. அவருக்குச் சரக்கு கொண்டுவரும் கம்பெனிப் பிரதிநிதி தன் பிராண்டைப் பற்றி மட்டும்தான் பேசுவார். பக்கத்துக் கம்பெனி மருந்தும் இதே வகைதான் என்று அவர் ஏன் சொல்லப்போகிறார்?

மூன்றாவது, புகையான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெல்லில் இலைச்சுருட்டுப்புழுவுக்கென்று ஆரம்பத்திலேயே சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளை அடிக்கிறார்கள். புழு உடனே விழும். அடித்தவருக்கும் திருப்தி, விற்றவருக்கும் பெயர். ஆனால் அந்த மருந்து வயலில் உள்ள சிலந்தியையும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் சேர்த்துக் கொல்கிறது. புகையான் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். பொரித்து வரும்போது அதைத் தின்ன எதிரி ஒன்றும் வயலில் இல்லை. கதிர் பிடிக்கும் நேரத்தில் வட்டம் வட்டமாகத் தீய்கிறது. நீங்கள் மறுபடியும் கடைக்கு ஓடுகிறீர்கள். முதல் மருந்தால் வந்த வினைக்கு இரண்டாவது மருந்து. கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவருக்கும் அந்தச் சங்கிலி தெரிந்திருக்காது. இரண்டு வியாபாரமும் அவர் நினைவில் தனித்தனியாகத்தான் இருக்கும்.

பரிந்துரை என்ன? தூரில் பூச்சியை எண்ணுங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் தென்பட்டால் நடவடிக்கை வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். தண்ணீரை வடித்துக் காயவிடுங்கள். யூரியாவை அள்ளிப் போடாமல் பிரித்துப் போடுங்கள். நடவின்போதே எட்டு அடிக்கு ஒரு அடி இடைவெளி விட்டால் காற்றும் வெளிச்சமும் அடித்தூர் வரை போகும். இலைச்சுருட்டுப்புழுவுக்கும் கணக்கு உண்டு. பயிர் வளரும் பருவத்தில் பத்து சதவீத இலை சேதமானால்தான் மருந்து. பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் ஐந்து சதவீதம்.

வகுப்பில் எல்லாம் ஒரு பக்கமாக நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாடம் எடுக்கப் போகும் எங்களுக்குத் தெரியாதது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். எந்த ஊரில் போர்வெல் தண்ணீர் உப்பு, எந்தத் தெருவில் கைத்தெளிப்பான் நாசில் தேய்ந்து சொட்டு சொட்டாக விழுகிறது, எந்த மாதம் விவசாயி கையில் காசு இருக்காது, பக்கத்து வயல்காரர் என்ன அடித்தார் என்று கேட்டுத்தான் இவர் மருந்து வாங்குகிறார் என்பதெல்லாம் அவர் மனப்பாடம். பாட்டில் மூடியை அளவாக வைத்து ஊற்றுகிறார்கள், ஏக்கருக்கு இத்தனை மில்லி என்று எழுதிக் கொடுத்தால் புரியாது, டேங்குக்கு இத்தனை மூடி என்று சொல்லுங்கள் என்று எங்களைத் திருத்துவதும் அவர்கள்தான். புதிதாகப் படிப்பவருக்கு எல்லாம் புதிது. ஏற்கெனவே தொழில் செய்தவருக்குப் பழகியதில் சிலதை விட வேண்டியிருக்கிறது. அதுதான் கஷ்டம். பைரித்ராய்டு சங்கதியைச் சொன்னால் 'இத்தனை வருஷம் நானே குடுத்திருக்கேனே' என்று ஒருவர் முகம் வாடும். அப்படி வாடியவர் அடுத்த பட்டத்தில் யோசித்துத்தான் எடுத்துக் கொடுப்பார்.

படித்தாலும் அவர் விற்பவர்தான்

இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். பட்டயம் வாங்கினாலும் அவர் சம்பாத்தியம் விற்பனையில்தான். 'இப்போது எதுவும் அடிக்க வேண்டாம், ஒரு வாரம் பாருங்கள்' என்பது பல சமயம் சரியான யோசனை. அந்த யோசனைக்கு அவருக்கு ஒரு ரூபாய் கிடைக்காது. படிப்பு இந்தக் கணக்கை மாற்றவில்லை. அரசும் இதுவரை அதற்கு வழி சொல்லவில்லை.

2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். பயிர் ஊக்கிகள், நாம் டானிக் என்று சொல்கிறோமே அவை, 2021-ல்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தன. அதற்கு முன் நாட்டில் சுமார் 30,000 பொருட்கள் கேள்வி கேட்பாரின்றி விற்றதாகவும், பிறகு சுமார் 8,000 ஆகி, கெடுபிடிக்குப் பின் ஏறக்குறைய 650 ஆகக் குறைந்துவிட்டதாகவும் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் சொன்னார். அப்படியானால் நாம் இத்தனை வருடம் வாங்கி ஊற்றிய டானிக்குகளில் பெரும்பாலானவற்றுக்குச் சோதனைச் சான்றே காட்டப்படவில்லை. அதே மாதம் அவர் மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். யூரியா, டி.ஏ.பி. கேட்டு வரும் விவசாயி தலையில் நானோ உரத்தையும் பயிர் ஊக்கியையும் கட்டாயமாகக் கட்டுவதை நிறுத்தச் சொன்னார்.

45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்த மூட்டை வேண்டுமென்றால் இந்தப் பாட்டிலும் வாங்கு என்றால் உங்கள் மானியம் பாட்டிலுக்குப் போய்விட்டது என்று பொருள். கடைக்காரரைக் கேட்டால் 'மேலே இருந்து சேர்த்துத்தான் இறக்குறாங்க, நான் என்ன பண்றது' என்பார். பல இடத்தில் அது உண்மையும்தான். அந்தச் சங்கிலியை உடைக்க அவர் படித்த படிப்பு போதாது. நீங்கள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர் கேட்கவில்லை என்றால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடன் விஷயமும் இதில் சேரும். அறுவடைக்குப் பிறகு தருகிறேன் என்று வாங்கினால் எந்த மருந்து, எந்தக் கம்பெனி என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் கையில் இருப்பதில்லை. முடிந்தவரை மருந்தை மட்டுமாவது ரொக்கத்தில் வாங்குங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கும்போது

திருத்தணி தாலுகாவுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1960 ஏப்ரலில் எல்லை மாறி நம் பக்கம் வந்த ஊர்கள் இவை. கோடு மாறினாலும் உறவும் சந்தையும் மாறவில்லை. நகரி, புத்தூர் பக்கம் போய் உரம், மருந்து, விதை வாங்கி வருவது சகஜம். விலை பத்து ரூபாய் குறைவு, அல்லது தெரிந்தவர் கடை. வாங்குவதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கடையின் லைசென்ஸ் ஆந்திர அரசு கொடுத்தது. பயிர் கருகினால், முளைக்காவிட்டால், புகாரை அங்குள்ள வேளாண் அதிகாரியிடம்தான் கொண்டுபோக வேண்டும். நம் ஊர் அதிகாரி அந்தக் கடையில் போய் மாதிரி எடுக்க முடியாது.

எந்தப் பக்கம் வாங்கினாலும் பில் கேளுங்கள். துண்டுச் சீட்டு பில் ஆகாது. கடையின் லைசென்ஸ் எண், மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் உடனே சொல்லுங்கள். அதே பேட்ச் கடையில் இருக்கும்போதுதான் ஆய்வாளர் சீல் உடையாத மாதிரியை எடுக்க முடியும். நீங்கள் திறந்து பாதி அடித்த பாட்டில் சாட்சிக்கு நிற்காது.

பாட்டிலில் உள்ள முக்கோண நிறத்தையும் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய விஷம். அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. தமிழ்நாட்டில் தற்கொலைகளைக் குறைக்க வேண்டும் என்று 2022 கடைசியில் மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை வந்தது நினைவிருக்கும். 2023-ல் மோனோகுரோட்டோபாஸ் 36 சத திரவ மருந்துக்கு மத்திய அரசே தடை ஆணை போட்டது. காய்கறியில் அதை அடிக்கக் கூடாது என்பது 2005-லிருந்தே உள்ள தடை. இன்னமும் 'மோனோ இருக்கா' என்று கேட்டுப் போகிறவர்களும், உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பவர்களும் இருந்தால், இரண்டு பேருமே வகுப்புக்குப் போக வேண்டியவர்கள்.

நீங்களும் போகலாம்

வியாபாரம் செய்தவரே திரும்பப் படிக்கும்போது, நாற்பது வருடம் ஏர் பிடித்த நீங்கள் ஏன் படிக்கக் கூடாது? இந்தக் கேள்வி புதிதில்லை. இந்தோனேசியாவில் 1985-86-ல் புகையான் பெரிய அளவில் நெல்லை அழித்தது. பூச்சிமருந்துக்கு அரசே மானியம் கொடுத்து, எல்லாரும் அள்ளி அடித்த காலம் அது. நான் மேலே சொன்ன அதே சங்கிலி, ஒரு நாடு முழுக்க. 1986 நவம்பரில் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. 1989-க்குள் மானியமும் போனது. அதே 1989-ல் உலக உணவு, வேளாண் அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளியை ஆரம்பித்தார்கள். ஊருக்கு இருபது, இருபத்தைந்து விவசாயிகள். ஒரு பட்டம் முழுக்க வாரம் ஒரு நாள் காலை. கரும்பலகை கிடையாது, வயலில் இறங்க வேண்டும். செடியைப் பிரித்துப் பார்த்து, தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் பூச்சி எத்தனை என்று எண்ணி, பெரிய தாளில் படம் வரைந்து, இந்த வாரம் அடிக்கலாமா வேண்டாமா என்று அவர்களே விவாதித்து முடிவு செய்ய வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் விடை சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்கலாம்.

சிலந்தியை அதற்கு முன் ஆயிரம் தடவை பார்த்தவர்கள்தான் அவர்கள். ஆனால் அது ஒரு நாளில் எத்தனை புகையானைத் தின்னும் என்று ஒரு செடியை வலையால் மூடி, உள்ளே விட்டு எண்ணிப் பார்த்தது அப்போதுதான். அங்கிருந்து இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. நம் நாட்டில் அட்மா திட்டத்தில் நடக்கும் பண்ணைப் பள்ளி இந்த வழியில் வந்ததுதான். சில இடங்களில் அது ஒரு நாள் கூட்டமாக, டீயும் மிக்சரும் கொடுத்து போட்டோ எடுத்து முடிந்துவிடுகிறது. அது பள்ளி ஆகாது. பட்டம் முழுக்க வயலில் நடத்துங்கள் என்று நீங்கள் கேட்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. டி.கே.எம். என்று ஆரம்பிக்கும் நெல் ரகங்கள் அங்கே உருவானவை. ஒரு காலத்தில் ஆசியா முழுக்கப் பயிரிட்ட ஐ.ஆர்.20 ரகத்தின் பெற்றோரில் ஒன்று திரூரின் டி.கே.எம்.6. குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணம் அதிலிருந்து போனதுதான். நம் பக்கத்து நெல் பிலிப்பைன்ஸ் வரை போய்ப் பெயர் வாங்கியது, நாம் திருவள்ளூர் தாண்டித் திரூர் போக யோசிக்கிறோம்.

பட்டம் வாங்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு தகவல். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்கென்றே பண்ணைத் தொழில்நுட்பத்தில் இளநிலைப் பட்டப் படிப்பைத் தொலைதூரக் கல்வியில் நடத்தியது. வயதானவர்கள் சேர்ந்து படித்து, கறுப்பு அங்கி போட்டுப் பட்டமும் வாங்கினார்கள். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிகள் வேளாண்மைப் பட்டத்தைத் தொலைதூர வழியில் நடத்த இடம் தரவில்லை. மருத்துவம் போல இதுவும் செய்முறைப் படிப்பு, தபாலில் படிக்க முடியாது என்பது காரணம். பதினெட்டு வயதுப் பையனுக்கு இந்த விதி சரி. தினமும் வயலில் நிற்கிறவருக்கு எந்தச் செய்முறை குறைகிறது என்று எனக்குப் புரியவில்லை. தொழில் செய்துகொண்டே படிக்க வருபவருக்குத் தனி வழி வைத்திருக்கலாம். இப்போதைக்குக் காளான், தேனீ, நாற்றங்கால், விதை உற்பத்தி போன்ற சான்றிதழ்ப் படிப்புகளையும் வேளாண் அறிவியல் நிலையப் பயிற்சிகளையும் விசாரியுங்கள். பட்டம் இல்லாவிட்டாலும் பாடம் கிடைக்கும்.

திருத்தணி, ஆசிரியர் தினத்துக்குக் காரணமான டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்த ஊர். மற்ற ஊரைவிட இங்கே வகுப்புக்குப் போக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்த பட்டத்துக்கு விதை விடுவதற்கு முன் உங்கள் ஊரில் இருபது பேர் சேர்ந்து, பெயர், சர்வே எண், பயிர் எழுதி, பண்ணைப் பள்ளி கேட்டு வேளாண் விரிவாக்க மையத்தில் மனுக் கொடுங்கள். பெண்களையும் சேருங்கள். களை எடுக்கிறவர்கள் கண்ணில்தான் பூச்சி முதலில் படுகிறது. டேசி முடித்த கடைக்காரர் உங்கள் ஊரில் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். வந்து வயலில் இறங்கி உங்களோடு சேர்ந்து சிலந்தியை எண்ணட்டும்.

கடையில் மருந்து வாங்கும்போது இந்த நாலையும் கேளுங்கள்: இது என்ன பூச்சிக்கு? போன முறை கொடுத்ததும் இதுவும் ஒரே பிரிவா? அடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுக்கலாம்? இப்போதே அடிக்க வேண்டுமா, ஒரு வாரம் பொறுக்கலாமா? பதிலை பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். பதிலில் சந்தேகம் இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன் கடை வாசலிலிருந்தே 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பதில் சொல்வார்கள்.